ஆட்சேபணை எதுவும் வரவில்லை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 41. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், இருப்பது சென்னையில். பெயர் வேண்டாம். போன மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. இதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது. ஏனென்றால் இவரோடு ஒரே வீட்டில் நான் இருக்க ஆரம்பித்தது 2013-ல். 12 வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, இப்போது ரெஜிஸ்டர் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இவர் கிறிஸ்தவர், திருநெல்வேலிப் பக்கம். நான் இந்து. 2014-ல் வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "அவனைக் கட்டிக்கிட்டா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார். இவர் வீட்டில், நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் சர்ச்சில் வைக்கலாம் என்றார்கள். எனக்குப் பிடிவாதம், இவருக்கு அவசரமில்லை, அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. பிறகு வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் என்று போகிற இடத்திலெல்லாம் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் பேனா நிற்க ஆரம்பித்தது. "சரி, பதிஞ்சிடலாமா?" என்று இவர் ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அதுதான் எனக்கு வந்த வரன் பேச்சு.

கல்யாணமா மேடம் அது? வாசல் முழுக்கப் பத்திரம் பதிய வந்த கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு மனைப் பத்திரம், பின்னால் ஒரு பாகப்பிரிவினை. மொத்தம் எட்டுப் பேர் வந்திருந்தோம். இவர் ஆபீசுக்குப் போடும் அதே நீலச் சட்டையில் வந்தார். இன்றைக்காவது வேறு போடுங்கள் என்று சொல்லியும், "இதுதான் இஸ்திரி போட்டு இருந்துச்சு" என்றார். அதற்கு முன்னால், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லட்டும் என்று ஒரு மாதம் எங்கள் பெயரும் விலாசமும் நோட்டீஸ் போர்டில் காணாமல்போனவர்கள் விளம்பரம் மாதிரித் தொங்கியது. என் ஆதாரில் இன்னும் ஊர் விலாசம்தான் இருக்கிறது. அதனால் ஒரு நகல் அங்கிருக்கும் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள் என்றார்கள். அம்மா மிளகாய்ப்பொடி அரைக்கப் போகும் மில் அந்த ஆபீஸுக்கு அடுத்த தெருதான். போகட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று இங்கே ஆபீஸில் இருந்த பெண் அலுவலர் பைலைப் பார்த்துவிட்டு, "ஆட்சேபணை எதுவும் வரலம்மா" என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை. முந்தின நாள் தூங்காததால் இருக்கும்.

என் பக்கத்தில் வந்தது அண்ணன் ஒருவன்தான். அவனை நான் கூப்பிடவே இல்லை. பல்லாவரத்திலிருந்து காலையிலேயே வந்து நின்றான், கையில் இலையில் கட்டிய நாலு முழம் மல்லிகை. "அம்மா சொன்னாங்க" என்றான். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், "அதெல்லாம் வேணாம்" என்று ஒதுங்கிக்கொண்டான். மூன்று சாட்சி வேண்டும், எங்களிடம் இரண்டுதான். என் ஆபீஸ் தோழி ஆட்டோ பிடித்து ஓடி வந்து போட்டாள். சாப்பிடவும் இருக்கவில்லை அண்ணன், போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட்டான். அந்தப் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. பையிலேயே வாடிப்போனது.

அம்மா வரவில்லை. கும்பகோணத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை சென்னையில் இறங்கிவிடலாம். மனசிருந்தால் வந்திருக்கலாம். 2018-ல் அப்பா இறந்தபோது இவர் தெருமுனை டீக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாரே, உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரும். மழை பெய்ததா, தேங்காய் என்ன விலை, "அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா", அவ்வளவுதான். 11 வருடத்தில் இவர் பெயரை ஒருமுறை சொன்னதில்லை. கல்யாண விஷயம்கூட அம்மாவுக்கு முதல்நாள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் சொன்னேன். முன்னாடியே சொல்லி என்ன ஆகப்போகிறது, எப்படியும் வரப்போவதில்லை. அதற்கு அவர் கேட்டது, "புடவை என்ன கலர்?" என்று. அந்தக் கேலி தாங்காமல் போனை வைத்துவிட்டேன். அது போகட்டும்.

பெரியப்பா பழைய கட்சிக்காரர். விஷயம் தெரிந்து, "மாலை மாத்தி ஒரு சுயமரியாதைக் கல்யாணமாவது வெச்சிருக்கலாமே" என்றார். பக்கத்து வீட்டுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுக்க முடியவில்லை. 2013-லேயே புருஷன் பெண்டாட்டி என்று சொல்லித்தான் வீடு பிடித்தோம், இப்போது எதற்கு ஸ்வீட் என்று சொல்வது? மறுநாள் காலையில் இவர் அதே நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டார். நான் மட்டும் அந்த சர்ட்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கேள்விகள். இப்போதாவது ஒரு ரிசப்ஷன் வைக்கலாமா? இவருக்கு உணர்ச்சியே கிடையாதா? அம்மாவின் உறவை மொத்தமாக முடித்துக்கொள்வதுதான் எனக்கு நல்லதா? மூன்று ஞாயிறாகப் போன் வருகிறது, எடுக்கவில்லை.

- ஒரு வாசகி, சென்னை


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது உங்கள் மேல் பரிதாபம் வந்தது. இன்னொரு தடவை படித்தேன், உங்கள் அம்மா மேல் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ரிசப்ஷன் வைக்க ஆசையிருந்தால் வையுங்கள், இதற்கெல்லாம் என் அனுமதி எதற்கு? பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு. மணமக்கள் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் அது பொருந்தும். மதம் மாறாமல் நீங்கள் இருவரும் கட்டிக்கொள்ளச் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறீர்கள். அப்புறம், உங்கள் கணவர். மாமனார் சாவுக்கு வந்து, உள்ளே கூப்பிடாத வீட்டின் தெருமுனையில் ஒரு பகல் முழுக்க நின்ற மனிதர் அவர். அவருக்கு உணர்ச்சி உண்டா என்று என்னிடம் கேட்கிறீர்கள். சட்டை விஷயத்தில் அவர் மட்டம்தான். அதற்கு நீங்களே ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் "அது போகட்டும்" என்று தள்ளிவிட்ட இடத்துக்கு வருகிறேன். என்னால் அதைப் போகவிட முடியவில்லை.

நீங்கள் தட்டிய அந்தக் கதவு, சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ல் வந்தது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. அந்த நோட்டீஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் வாங்கிப் பார்க்கலாம், எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். வயதுவந்த இரண்டு பேரின் அந்தரங்கத்தை இப்படிச் சுவரில் ஒட்டுவது சரியா என்று எனக்கே கோபம் உண்டு, அது வேறு கதை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மனைப் பத்திரம் பதிய வந்தவருக்கும், பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகளுக்கும், டீ கொண்டுவரும் பையனுக்கும் உங்கள் கல்யாணத்தைத் தெரிந்துகொள்ள 30 நாள் கிடைத்தது. பெற்றவளுக்கு ராத்திரி எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை வரை. நடுவில் நான்கு ஞாயிறு வந்து போயிருக்கும். நான்கு முறையும் ஆறு மணிக்குப் போன் வந்திருக்கும், தேங்காய் விலை பேசியிருப்பீர்கள். அந்த நோட்டீஸ் மூன்று மாதம் வரை செல்லும். அம்மா வர வசதியாக ஒரு தேதி பார்க்க நேரம் இருந்தது.

"மனசிருந்தால் வந்திருக்கலாம்" என்கிறீர்கள். அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. 41 வயது மகள், அவளுக்கு ஓர் அண்ணன் என்றால் எப்படியும் அறுபதைத் தாண்டியவர். சொல்லிவிட்டுப் பதில்கூட முடியுமுன் போனை வைத்த மகளின் கல்யாணத்துக்கு, கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், ராத்திரியோடு ராத்திரியாகத் தனியாக பஸ் ஏறி வர வேண்டும். எந்த ஆபீஸ், எத்தனை மணி என்றாவது சொன்னீர்களா?

ஆனால் அண்ணன் வந்திருக்கிறார். எந்த ஆபீஸ் என்று ராத்திரியில் யாரையோ பிடித்து விசாரித்து, காலையில் பூவோடு வந்து நின்றிருக்கிறார். நீங்கள் கூப்பிடவில்லை. "அம்மா சொன்னாங்க" என்றார் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் கையெழுத்துப் போடவில்லை என்ற குறைக்குத் தாவிவிட்டீர்கள். அவர் கையெழுத்துப் போடாதது தப்புதான், எனக்கும் வருத்தம். ஆனால் எட்டு மணிக்கு நீங்கள் வைத்த போனை அம்மா உடனே எடுத்து மகனைக் கூப்பிட்டிருக்கிறார். தன்னால் வரமுடியாத கல்யாணத்துக்கு நாலு முழம் பூவை அனுப்பியிருக்கிறார். அதைப் பையில் வாடவிட்டது நீங்கள்.

புடவை என்ன கலர் என்று கேட்டது கேலி என்று முடிவுகட்டிவிட்டீர்கள். பட்டுப் புடவை நெய்கிற திருபுவனம் பக்கத்திலேயே இருக்கிறது, தறிக்காரர் வீட்டுக்கே போய் முகூர்த்தப் புடவை எடுக்கிற ஊர்க்காரர் உங்கள் அம்மா. பெண்ணின் கல்யாணம் என்றால் அந்தப் பக்கத்துத் தாய் முதலில் யோசிப்பது புடவையைத்தான். "யாரு அவன்", "எதுக்கு இப்போ", "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்க எத்தனையோ இருந்தும் அவர் கேட்டது அதை. குரலில் ஏளனம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்டவர் நீங்கள். ஆனால் ஏளனம் செய்தவர் அதற்கு அடுத்த நிமிடம் பூவுக்கு ஏற்பாடு செய்வாரா? இதையும் கவனித்தேன்: கணவரின் சட்டை நீலம் என்று எனக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். உங்கள் புடவை என்ன கலர் என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. அம்மாவிடம் சொல்லாததை என்னிடமும் சொல்லவில்லை.

அந்த மிளகாய்ப்பொடி மில்லைப் பற்றியும் பேச வேண்டும். நோட்டீஸ் நகல் ஊருக்குப் போகும் என்றதும் உங்களுக்கு நினைவு வந்தது அம்மா நடந்து போகிற தெரு. ஒரு மாதம் நீங்கள் காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். யாராவது படித்துவிட்டு அம்மாவிடம் சொல்லட்டும், அவர் போனில் கத்தட்டும், அல்லது கிளம்பி வரட்டும், ஏதாவது ஒன்று நடக்கட்டும் என்று. நீங்கள் வாயால் சொல்லவேண்டியதைச் சர்க்கார் சுவரைச் சொல்லச் சொன்னீர்கள். சட்டப்படி பார்த்தால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஆட்சேபணையே ஆகாது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, வயது நிரம்பியதா, தடைசெய்யப்பட்ட உறவா, இந்த மாதிரிதான் ஆட்சேபிக்க முடியும். இருந்தும் நீங்கள் எதிர்பார்த்தது அம்மாவின் ஆட்சேபணையை. "எதுவும் வரலம்மா" என்றதும் அழுதீர்கள். தூக்கமின்மை என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. 2014-லிருந்து நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒருவரோடு. கடைசி நாளில் திரும்பிப் பார்த்தால் எதிரே அவர் இல்லை. எப்போது போனார் என்றும் தெரியவில்லை. "அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாரே, இரண்டே பேர் இருக்கும் வீட்டில் 'எல்லாரும்' என்றால் யார்?

இதற்குப் பின்னால் உங்களை அரிப்பது என்ன என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் எழுதுங்கள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அம்மா வந்திருப்பாரோ? வந்திருப்பார் என்றால், ஐந்து வருடம் முன்னால் கேட்டிருந்தாலும் வந்திருப்பாரோ? அதற்கும் முன்னால், அப்பா இருக்கும்போதே கேட்டிருந்தால்? 2014-ல் அப்பா ஒன்றும் பேசவில்லை என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா கல்நெஞ்சக்காரி என்று இருந்துவிட்டால் இந்தக் கணக்கையெல்லாம் போட வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு ராத்திரிக்கு மேல் அவருக்குக் கொடுக்கப் பயந்தீர்கள்.

உங்கள் அம்மாவை நான் முழுக்க விடுவிக்கவில்லை. அன்றைக்கு உங்கள் கணவரைத் தெருவில் நிறுத்தியது கொடுமை. பெயரைச் சொல்லாத 11 வருடமும் கொடுமைதான். அதை நீங்கள் மறக்க வேண்டாம், ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்கவும் வேண்டும். ஆனால் அதைக் கேட்க உறவு மிச்சமிருக்க வேண்டும் அல்லவா? முடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிற நீங்கள் போனைத்தான் எடுக்கவில்லை, நம்பரை பிளாக் செய்யவில்லை. மூன்று ஞாயிறும் அது அடித்து ஓய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஆகவே இந்த ஞாயிறு ஆறு மணிக்குப் போன் அடித்தால் எடுங்கள். கல்யாணத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசிவிட வேண்டாம், அப்பா பேச்சும் இப்போது வேண்டாம். தேங்காய் விலையெல்லாம் முடியட்டும். அதன்பிறகு, அன்றைக்குக் கேட்டீங்களே என்று ஆரம்பித்து, புடவை என்ன கலர் என்று சொல்லுங்கள்.