இம்பிளாண்ட் பல்லை வழமையான டொக்டரிடமே வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. போன வருடம் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றினோம். எங்களுக்கு எப்போதும் பல் பார்க்கும் டொக்டர், தான் பயிற்சி எடுத்திருப்பதாகவும் தானே இம்பிளாண்ட் வைத்துப் பல்லும் பூட்டித் தருவதாகவும் சொல்கிறார். அவர் நிபுணர் இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணாவோ, சென்னைக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் இருக்கிறார், ஐந்து நாளில் முடித்துத் தருவாராம் என்கிறார். அம்மாவுக்குச் சலரோகம் இருக்கிறது. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒரு குளிசையும் குடிக்கிறா. என்ன செய்யலாம்? (வாசகி, கோண்டாவில்)

பதில்: உங்கள் டொக்டரே வைக்கலாம். அண்ணாவிடம் ஏஜென்டுக்கு முற்பணம் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

எலும்புக்குள் போவது ரைட்டேனியத்தில் செய்த ஒரு சின்னத் திருகு. எலும்பு அதை இறுகப் பிடித்த பிறகு மேலே பல் பூட்டுவார்கள். சுவீடனில் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த காலத்தில் இது பெரிய வித்தை. இன்றைக்கு உலகம் முழுக்கப் பொதுப் பல் வைத்தியர்களும் வைக்கிறார்கள். கீழ்த்தாடையில் ஒரேயொரு பல் என்றால் ஒழுங்காகப் பழகிய எவருக்கும் கைக்கு எட்டிய வேலைதான்.

ஒழுங்காகப் பழகினாரா என்பதை எப்படி அறிவது? சுவரில் தொங்கும் சேர்ட்டிபிக்கேற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். சனி ஞாயிறில் ஒரு ஹொட்டேல் மண்டபம், பிளாஸ்டிக் தாடையில் நாலு துளை, கடைசியில் குழுப்படம்: இப்படியும் பயிற்சி நடக்கிறது. நடத்துவது திருகு விற்கும் கொம்பனி. டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதன்முதல் நோயாளிகளுக்கு வைத்தபோது உங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்?" உண்மையாகப் பழகியவர் யோசிக்காமல் பெயர் சொல்லுவார்.

அடுத்தது ஸ்கான். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு அடியில் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் இடையில் 2 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். பட்டால் உதடு மரத்துப்போய் அப்படியே நின்றுவிடலாம். பல் கழற்றிய ஒரு வருடத்தில் எலும்பின் அகலம் பாதி வரை குறையக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் அகலம் தெரியாது. முப்பரிமாண ஸ்கான் வேண்டும். "ஸ்கான் தேவையில்லை, அனுபவம் இருக்கு" என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவ சபையின் பதிவு, ஒருவர் பல் வைத்தியர் என்பதைச் சொல்லும். திருகு வைக்கப் பழகினாரா என்பதை நோயாளி எங்கே போய்ப் பார்ப்பது? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்து வரும் பிள்ளை இதைக் கைபழக விரும்பினால் லீவு போட்டு, சொந்தக் காசில் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் அலையவேண்டும். இதை ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் கூட்டம் கூடிக் கலைகிறார்கள். அந்த இடைவெளியில் வியாபாரி நுழைகிறான்.

சென்னை வைத்தியர்களில் எனக்குக் குறையில்லை, கோபமெல்லாம் நடுவில் நிற்கும் ஆளில். கீழ்த்தாடை எலும்பு திருகைப் பிடிக்க வழமையாக 2 முதல் 3 மாதம் வேண்டும். ஏஜென்டின் ஐந்து நாளுக்காக எலும்பு அவசரப்படாது. திருகை வைத்து, "மூன்று மாதத்தில் திரும்ப வாங்கோ" என்பார்கள். இரண்டாவது ரிக்கெற் பக்கேஜில் இராது. திரும்பி வந்த பிறகு ஒருநாள் சோறு சாப்பிடும்போது பல் ஆடும். பல்லைத் திருகோடு பிணைக்க உள்ளே இருக்கும் சிறு ஆணி தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரி. ஆனால் அதன் தலை ஒரு கொம்பனிக்கு அறுகோணம், இன்னொன்றுக்குச் சதுரம், வேறொன்றுக்கு நட்சத்திரம். எங்களிடம் இருக்கும் சாவி பொருந்தாது. எந்தக் கொம்பனி என்று கேட்டால் "இம்பிளாண்ட் - 1" என்று எழுதிய பில் வரும். ஏஜென்டின் போன் வேலை செய்யாது.

ஆகையால் இங்கே வைத்தாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு திருகின் பெட்டியிலும் கொம்பனி, விட்டம், நீளம், தொகுதி எண் அச்சடித்த ஒட்டி இருக்கும். அதை அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டச் சொல்லுங்கள். வைப்பவரும் பல் பூட்டுபவரும் ஒருவராக இருப்பதிலும் இலாபம் உண்டு. இல்லாவிட்டால் "எலும்பு இருந்த இடத்தில் வைச்சன்" என்பார் ஒருவர், "இந்தச் சரிவில் எப்படிப் பல் பூட்டுறது" என்பார் மற்றவர்.

சலரோகத்துக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 7 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் பயமில்லை.

அந்தக் கிழமைக் குளிசையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும். அது அலென்ட்ரோனேட் வகையாக இருந்தால், தாடை எலும்பில் கைவைத்த பிறகு, அபூர்வமாக, புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தபடி நிற்கும். குளிசை குடிப்பவர்களில் அந்த ஆபத்து மிகக் குறைவு. நான்கு வருடத்துக்கு மேல் குடித்திருந்தாலோ ஸ்டீரோய்ட் சேர்த்து எடுத்தாலோ கூடும். புற்றுநோய்க்கு இதே வகை மருந்தை ஊசியாக ஏற்றுபவர்களுக்கு நான் இம்பிளாண்ட் வைக்கச் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு எலும்பு ஊசி போடுபவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும். அதைத் திடீரென்று விட்டால் முள்ளந்தண்டு எலும்பு முறியலாம். ஆகவே பல்லுக்காக நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். எந்த மாதத்தில் குடிக்கத் தொடங்கினா என்று கிளினிக் கொப்பியில் தேடிப் பார்த்து, பல் டொக்டரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த வைத்தியரோடு அவரே கதைக்கட்டும். பிறகு ஸ்கானுக்கு நாள் எடுக்கலாம்.