வாசகர் கேள்வி: நீல வடிவங்களுக்கு விடை

கேள்வி: பவர்பாயிண்டில் வரையும் ஒவ்வொரு கட்டமும் நீல நிறத்திலேயே வருகிறது, ஒவ்வொரு முறையும் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு நிரந்தர வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே ஒரு கட்டத்தை வரைந்து, நிறம், ஓரக்கோடு, எழுத்துரு ஆகியவற்றை உங்கள் விருப்பப்படி அமைத்தபின், அதன் ஓரத்தில் வலது பொத்தானை அழுத்தி, ‘செட் அஸ் டிஃபால்ட் ஷேப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது: வடிவம், கோடு, உரைப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் இயல்பமைப்பு தனித்தனியானது என்பதால், உரைப்பெட்டிக்கு ‘செட் அஸ் டிஃபால்ட் டெக்ஸ்ட் பாக்ஸ்’ என்பதைத் தனியே கொடுத்தாக வேண்டும். தலைப்புக்கென ஸ்லைடிலேயே அமைந்திருக்கும் பெட்டிகள் இதற்குக் கட்டுப்படா. அவற்றின் இயல்பமைப்பை, எல்லா ஸ்லைடுகளின் பொது அமைப்பையும் தீர்மானிக்கும் ‘ஸ்லைடு மாஸ்டர்’ பகுதியில்தான் மாற்ற இயலும்.

இந்த மாற்றம் இனி வரைபவற்றுக்கு மட்டுமே பொருந்தும். முன்பே வரைந்தவற்றுக்கு, ஒரு வடிவத்தின் அமைப்பை மற்றொன்றுக்கு நகலெடுக்கும் ‘ஃபார்மேட் பெயிண்டர்’ தூரிகையைப் பயன்படுத்துங்கள்.

மேலும், இவ்வமைப்பு அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும் என்பதால், ஸ்லைடுகளின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு அக்கோப்பை ‘பவர்பாயிண்ட் டெம்ப்ளேட்’ வகையில் சேமித்து, புதிய பணிகளை அதிலிருந்தே தொடங்குவது நல்லது. நிறங்களைத் தேர்ந்தெடுக்கையில் ‘தீம் கலர்ஸ்’ வரிசையிலிருந்தே எடுப்பது என் பரிந்துரை. பின்னர் கோப்பின் ‘தீம்’ (நிறங்கள், எழுத்துருக்களின் தொகுப்பு) மாற்றப்பட்டால் வடிவங்களின் நிறமும் உடன் மாறும்.