டேனியல் கலத்தில் தகட்டைப் பெரிதாக்கினால் மின்னியக்கு விசை கூடுமா?

கூடாது. துத்தநாகத் தகடு ஜிங்க் சல்பேட் கரைசலிலும் தாமிரத் தகடு காப்பர் சல்பேட் கரைசலிலும் நிற்க, உப்புக் கரைசலில் நனைத்த தாள் பட்டை இரண்டு கரைசலையும் இணைப்பதுதான் உங்கள் கலம். சின்னத் தகடும் ஒற்றைத் தாள் பட்டையும் வைத்தபோது 0.82 வோல்ட், பெரிய தகடும் இரட்டைப் பட்டையும் வைத்தபோது 0.94 என்கிறீர்கள். கூடியது மீட்டர் காட்டும் எண்தான். மின்னியக்கு விசை இரண்டு தடவையும் 1.10-ஐ ஒட்டியே இருந்திருக்கும்.

மின்னோட்டமே எடுக்காதபோது இருக்கும் அழுத்தம்தான் மின்னியக்கு விசை. முள் மீட்டரோ மின்னோட்டம் எடுத்தால்தான் நகரும். வோல்ட்டுக்கு 1,000 ஓம் உள்ள மீட்டர் என்றால் 3 வோல்ட் வீச்சில் அதன் தடை 3,000 ஓம். உங்கள் கலத்தின் உள்தடை 1,000 ஓம் என்று வையுங்கள். பெரும்பகுதி அந்த நனைந்த தாளில்தான். 1.10-இல் முக்கால் பங்கு, அதாவது 0.825 மீட்டருக்கு வரும். பட்டையை இரண்டாக்கினால் உள்தடை பாதி, ரீடிங் 0.94. கணக்கு சரியாக உட்காருகிறது பாருங்கள். தகட்டுக்கு இதில் பங்கு சொற்பம். சந்தேகமிருந்தால் அதே மீட்டரை 10 வோல்ட் வீச்சுக்கு மாற்றுங்கள், முள் 1.0 பக்கம் போகும். மீட்டரின் வீச்சை மாற்றியதும் மாறுகிற எண் எப்படி கலத்தின் குணமாகும்? மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டரிலேயே உள்ளீட்டுத் தடை 1 மெகாஓம். அதில் இந்தக் கலத்துக்கு இழப்பு 1 மில்லிவோல்ட்தான்.

உண்மையில் பாதிப்பவை மூன்று: எந்த இரண்டு உலோகம், கரைசல்களின் செறிவு, வெப்பநிலை. முதலாவதில் சொல்ல ஒன்றுமில்லை.

செறிவில்தான் பலர் ஏமாறுவார்கள். செறிவு மாறினால் மின்னியக்கு விசை எவ்வளவு மாறும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி தாமிரக் கரைசலை மட்டும் 1 மோலாரிலிருந்து 0.1-க்கு நீர்த்தால் 30 மில்லிவோல்ட் குறைய வேண்டும். அளந்தால் குறைவது 14-ஐ ஒட்டித்தான். கருவி மேல் தப்பில்லை. சமன்பாடு கேட்பது ஆக்டிவிட்டியை, அதாவது அயனிகள் ஒன்றையொன்று இழுப்பது போக மிஞ்சும் செயல்படு செறிவை. நாம் போடுவது செறிவை. செறிவோடு பெருக்கினால் ஆக்டிவிட்டி தரும் எண்தான் ஆக்டிவிட்டி குணகம். காப்பர் சல்பேட்டுக்கு அது 1 மோலாரில் 0.04, 0.1-இல் 0.15. ஆக, செறிவு பத்தில் ஒன்றானாலும் ஆக்டிவிட்டி மூன்றில் ஒன்றாகத்தான் குறைகிறது. "பிளஸ் டூ பையனுக்கு இதெல்லாம் எதற்கு" என்று சிலர் வருவார்கள். 30 வரவில்லையே என்று அவன் ரெக்கார்டில் திருத்தி எழுதாமல் இருக்கத்தான்.

பெரிய மாற்றம் பார்க்க ஆசையென்றால் தாமிரப் பக்கத்தில் அம்மோனியா ஊற்றுங்கள். முதலில் வெளிர்நீல வீழ்படிவு. மேலும் ஊற்றினால் அது கரைந்து கருநீலமாகும். தனித்த தாமிர அயனி அம்மோனியாவோடு சேர்ந்த அணைவுக்குள் போய்விடுவதால் 0.3 வோல்ட்டுக்கு மேல் சரியும்.

வெப்பநிலை இந்தக் கலத்தில் அற்பம்: ஒரு டிகிரி ஏறினால் 0.1 மில்லிவோல்ட் இறங்கும். 30-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 3 மில்லிவோல்ட். முள் மீட்டரில் பார்த்தால் ரீடிங் ஏறும்! சூட்டில் உள்தடை குறைகிறது, பழைய கதைதான்.

இனி செய்முறை. 1 மோலார் கரைசலுக்கு, 100 மில்லிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 25 கிராம். ஜிங்க் சல்பேட்டை உரக்கடையில் வாங்கினால் பையைப் படியுங்கள்: 21 சதவீதத் துத்தநாகம் என்றால் 28.8 கிராம், 33 சதவீதம் என்றால் 18 கிராம், இரண்டும் ஒன்றல்ல. தாள் பட்டைக்குப் பதிலாக இரண்டு கரைசலையும் இணைக்கும் உப்புப் பாலத்துக்கு 100 மில்லி நீரில் 3 கிராம் கடல்பாசி (அகர் அகர்), 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட். காய்ச்சி, சூடாக இருக்கும்போதே வளைகுழாயில் ஊற்றுங்கள். குழாயின் குறுக்கே குமிழி நின்றால் இணைப்பே அறுந்த மாதிரி. தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவுங்கள். துத்தநாகத்தில் கறுப்பு படிந்தால் தாமிரக் கரைசல் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். தேய்த்துவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுங்கள். முதலைக் கிளிப் கரைசலைத் தொடவே கூடாது, தொட்டால் அதுவும் ஒரு மின்வாய். துத்தநாகத் தகட்டுக்குப் பதில் கூரைத் தகரத் துண்டு வேண்டாம், பூச்சு போன இடத்தில் இரும்பு எட்டிப் பார்க்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. ஆனோடை "நேர்மின்வாய்" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். மின்பகுப்புக்கு அது சரி. இந்தக் கலத்தில் ஆனோடான துத்தநாகம்தான் எதிர்முனை! தமிழ்வழியில் படிப்பவன் பெயரை நம்பிச் சிவப்பு வயரைத் துத்தநாகத்தில் மாட்டுகிறான், முள் பின்னோக்கி இடிக்கிறது, திட்டு அவனுக்கு விழுகிறது. ஆனோடு, கேத்தோடு என்றே எழுதிவிட்டுப் போகலாம். சிவப்பு வயர் தாமிரத்துக்கு.