அடிக்கடி வெளியூர் போகும் வேலையில் இருப்பவர்களுக்குக் கொரோனா காலம் நிம்மதியா, மன அழுத்தமா? இப்படிப்பட்ட வேலையில் இப்போது சேரலாமா?

முதல் சில வாரம் நிம்மதிதான். அப்புறம், பயணம் போவதே தேவலை என்று ஆகிவிட்டது.

கோவையில் நூற்பாலை மெஷின்களுக்கு சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் குஜராத்திலோ பஞ்சாபிலோ ஏதாவது ஒரு மில்லில் கிடப்பேன். 2020 மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் நின்றன. மில்களும் மூடியிருந்ததால் போன் அடிக்கவே இல்லை. பிள்ளைகளோடு தாயம் ஆடினேன்.

மில்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பிடித்தது சனி. பீகார், ஒடிசா ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். புதுசாக வந்தவர்கள் மெஷினில் கை வைக்க, பழுதுக்குப் பஞ்சமில்லை. நேரில் போகும்போது ஒரு சமயத்தில் ஒரு மில்தான் என் பொறுப்பு. 'சார் லூதியானாவில் இருக்கார்' என்றால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லா மில்லுக்கும் ஒரே நேரத்தில் நான் வேண்டும். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடம், ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வரும். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினின் இரைச்சலில் ஃபிட்டர் சொல்வது எதுவும் காதில் விழாது. கேமராவில் தெரிவது பேனலா தரையா என்றே புரியாது. நான் இங்கே படுக்கையறையில் நின்று இந்தியில் கத்த, மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று பேட்டா. பயணம் இல்லையென்றால் அதுவும் இல்லை. வீட்டுக்கடன் தவணையில் ஒரு பங்கு அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை வேண்டும் என்று எழுதுகிறவர்கள் ஏனோ இதைத் தொடுவதே இல்லை.

மே 25-ல் விமானங்கள் திரும்ப ஓடின. முகத்துக்கு ஷீல்டு, நடு சீட் கிடைத்தால் மேலே ஒரு அங்கி. மூச்சு விட்டால் ஷீல்டில் ஆவி படியும். அதெல்லாம் பழகிவிட்டது. திரும்பி வருவதுதான் பாடு. இ-பாஸ், கையில் முத்திரை, 14 நாள் வீட்டுத் தனிமை. ரெண்டு மூன்று நாள் வேலைக்காக அத்தனை நாள் மாடி அறையில். அகமதாபாத் லாட்ஜில் கதவுக்கு வெளியே ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அதேதான், தட்டு மட்டும் நம்முடையது. அம்மாவுக்குச் சர்க்கரை, எழுபதைத் தாண்டியவர். வாசலில் நின்று 'சாப்ட்டியா கண்ணு' என்று மேலே பார்த்துக் கேட்பார், ஜன்னல் வழியாகப் பதில் சொல்வேன். ஆபீஸ் கணக்கில் நான் வீட்டில் இருக்கிறேன். ஆகவே காலையிலிருந்து மீட்டிங்.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை. நாலு பேரைத் தெரிந்த சொந்த ஊரிலேயே ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். பாஷை தெரியாத ஊரில் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? போக முடியாது என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் முகம் மாறியது, ஆனால் வேலை போகவில்லை. என்னைக் கேட்டால் அந்த ரெண்டு வருஷத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அது.

பயண வேலையில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்: திரும்பி வந்த மறுநாள் லீவு உண்டா, பயணம் நின்றால் பேட்டாவுக்குப் பதில் ஏதாவது தருவார்களா, வெளியூரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கைக்காசு போடாமல் இன்சூரன்ஸ் செல்லுமா. எங்கள் டீமில் மறுநாள் லீவு இப்போது உண்டு. ராத்திரி கால் எடுக்கவும் முறை வைத்திருக்கிறோம், எனக்கு வியாழக்கிழமை. பேட்டா விஷயம் மட்டும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.