பேசாத படங்களில் அவர் எதைப் பார்க்கிறார்?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற என் கணவர், இரவுச் சாப்பாடு முடிந்ததும் யாரும் கேள்விப்படாத பழைய மௌனப் படங்களைத் தேடிப் பார்க்கிறார். எல்லாமே கணவன் மனைவி பிணக்கை வைத்து எடுத்த நகைச்சுவைப் படங்கள். தனியாகச் சிரித்துக்கொள்கிறார். எங்கள் இல்வாழ்க்கையில் குறை காண்கிறாரோ என்று சங்கடமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தப் படங்களை நானும் விரும்பிப் பார்ப்பவள். அவற்றைப் பார்த்துச் சிரிப்பவர் தம் மனைவியிடம் குறை காண்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை.

1926இல் லியோ மெக்கேரி இயக்கிய ‘மைட்டி லைக் எ மூஸ்’ என்ற குறும்படத்தில், கணவனாக வரும் நடிகர் சார்லி சேஸுக்குத் துருத்திய பல். மனைவியாக வரும் விவியன் ஓக்லண்டுக்குப் பெரிய மூக்கு. இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் மருத்துவரிடம் போய்ச் சீர்செய்துகொள்கிறார்கள். பிறகு வெளியே சந்திக்கும்போது அடையாளம் தெரியாமல், வேற்று ஆள் என்றே எண்ணி ஒருவர்மேல் ஒருவர் மயங்குகிறார்கள். இதில் கெட்டவர் என்று யாருமில்லை. இருவர் மனமும் நமக்குத் தெரிகிறது, அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்பதில்தான் சிரிப்பே பிறக்கிறது; அது ஏளனச் சிரிப்பு அல்ல, பரிவோடு கூடியது.

வசனத்துக்குப் பதிலாகத் திரையில் இடையிடையே காட்டும் எழுத்து அட்டைகளை வைத்து நீண்ட வாக்குவாதத்தைக் காட்ட முடியாது என்பதால், பிணக்கை வீட்டுப் பொருள்களின் வழியே சொல்ல வேண்டிய கட்டாயம் அக்கால இயக்குநர்களுக்கு இருந்தது. வியன்னாவில் நடப்பதாக எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1924இல் எடுத்த ‘தி மேரேஜ் சர்க்கிள்’ படத்தின் தொடக்கத்தில், காலையில் உடுத்திக்கொள்ளும் கணவனின் (நடிகர் அடால்ஃப் மென்ஜூ) காலுறை ஓட்டையாக இருக்கிறது. அவருடைய இழுப்பறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, மனைவியின் இழுப்பறையோ நிரம்பி வழிகிறது. அந்த மணவாழ்க்கையின் நிலை ஒரு சொல்லும் இல்லாமல் நமக்கு விளங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கே இதன் நயம் முழுதாகப் பிடிபடும் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துபோய்விட்டதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் தெரிவித்தது. எஞ்சியவற்றைத் தேடிப் பார்ப்பவரை விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களும் ஒரு நாள் அருகில் அமருங்கள். சார்லி சேஸ் படத்தையே முதலில் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகும் சங்கடம் தீரவில்லையென்றால், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் கேட்டுவிடுங்கள்.