தத்தெடுத்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. நானும் கணவரும் ஜெபித்து முடிவெடுத்து, அண்ணன் தங்கையாக இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார். இப்போது காத்திருக்கிறோம். எங்கள் கண்ணீருக்கு ஆண்டவர் தரும் பதிலாகவே அந்தப் பிள்ளைகளை நினைக்கிறேன். ஆனால் சபையில் சிலர், “அன்னாளுக்குக் கொடுத்தவர் உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா? பொறுமையில்லாமல் ஆகாரைத் தேடிய கதையாகிவிடும்” என்கிறார்கள். ஒரு நாள் இதுதான் தேவசித்தம் என்று தெளிவாக இருக்கிறது, மறுநாள் பயமாக இருக்கிறது. கணவரோ, “வருகிற பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் வராமல் போனால் என்ன செய்வது?” என்கிறார். இப்படிக் கேட்பதே அவிசுவாசமா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஆகார் விஷயத்தை முடித்துவிடுவோம். ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அங்கே நடந்தது தத்தெடுப்பே அல்ல. ஆகார் என்ற அடிமைப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. குழந்தையில்லாத ஆபிராமும் சாராயும் பிள்ளை பெறுவதற்கு அவளைப் பயன்படுத்தினார்கள். கர்ப்பமான பிறகு அவள் வனாந்தரத்துக்கு ஓடிப்போகும் அளவுக்குக் கடினமாக நடத்தினார்கள். பெற்றோரோடு இருக்க முடியாத இரண்டு பிள்ளைகளை அண்ணன் தங்கையாகவே சேர்த்து வளர்க்க நினைக்கும் உங்களை அந்தக் கதையோடு ஒப்பிடுவது கொஞ்சமும் நியாயமில்லை. பிள்ளைக்காக அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளை உதாரணம் காட்டுகிறவர்களும் கதையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சாமுவேல் பால் மறந்ததும் அவள் அவனை ஆசாரியனான ஏலியிடம் கொண்டுபோய் விட்டாள். அந்தப் பிள்ளையும் பெறாதவர் கையில்தான் வளர்ந்தான்.

மோசே பார்வோன் குமாரத்தியின் மகனாக வளர்ந்தார். ஆண்டவர் இயேசுவுக்குப் பெயரிட்டவர், அவரைப் பெறாமல் வளர்த்த யோசேப்பு. மத்தேயு எழுதும் வம்ச வரலாறும் யோசேப்பின் வழியாகத்தான் வருகிறது. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதும்போது, நாம் தேவனுடைய வீட்டுக்குள் வந்ததையே புத்திரசுவிகாரம், அதாவது தத்தெடுப்பு, என்கிறார். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். இனி யாராவது அவிசுவாசம் என்றால், “எங்களுக்காக ஜெபியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர்களோடு வாதாடிக் களைத்துப்போக வேண்டாம். அந்தப் பலம் உங்களுக்கு வேறு இடத்தில் தேவைப்படும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது சபையார் பேச்சு அல்ல. “எங்கள் கண்ணீருக்கு ஆண்டவர் தரும் பதில்” என்று நீங்கள் எழுதிய வரிதான். எந்த ஏக்கத்தோடு எழுதினீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் இந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால், அந்தப் பிள்ளை எப்போதும் நன்றாகவே இருந்தாக வேண்டும். அடம்பிடித்தால், பொய் சொன்னால், “நீ என் அம்மா இல்லை” என்று கத்தினால், உங்கள் விசுவாசமே ஆட்டம் கண்டுவிடும். அதைப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். உங்களோடு தாராளமாகச் சண்டை போடும் சுதந்திரம் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களிடம் வரும் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு தாயை இழந்தவர்கள். உங்கள் சந்தோஷமும் அவர்கள் துக்கமும் ஒரே நாளில் ஒரே வாசலில் வந்து நிற்கும். “ஆண்டவர்தான் உங்களை எங்களிடம் கொண்டுவந்தார்” என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். அதைக் கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளை, “அப்படியென்றால் என் அம்மாவிடமிருந்து என்னைப் பிரித்ததும் அவர்தானா?” என்று யோசிக்கும். வாய்விட்டுக் கேட்காது, மனதுக்குள் வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, “உங்களுக்கு நடந்தது ரொம்பக் கஷ்டமான விஷயம். ஆண்டவருக்கும் அது வருத்தம்தான். இனி நாங்கள் உங்களோடு இருப்போம்” என்று சொல்லுங்கள். தத்தெடுத்தவர்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம், “ஒரு வயது வரட்டும்” என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பெற்ற தாய்க்காகப் பிள்ளைகள் காதுபட ஜெபம் பண்ணுங்கள். அவளைப் பற்றிப் பேச அந்த வீட்டில் தடையில்லை என்று அதிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

காத்திருக்கும் நாட்களில் எப்படி ஜெபிப்பது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். “சீக்கிரம் தாரும் ஆண்டவரே” என்று ஜெபிப்பது இயல்பு. ஆனால் தாமதம் எப்போதும் அலுவலகச் சோம்பல் அல்ல. பெற்றோரோ உறவினரோ அந்தப் பிள்ளையை வளர்க்க முடியுமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்காக 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையும், பிள்ளை பிறந்த குடும்பத்திலேயே இருக்க வழி செய்வதற்கு முதலிடம் தர வேண்டும் என்று தன் முன்னுரையில் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தத்தெடுப்பில் பிள்ளையின் நலனே எல்லாவற்றிலும் முதலாவது என்கிறது. ஆகவே, “எந்தப் பிள்ளைக்கு எது நல்லதோ அது நடக்கட்டும், அது எங்கள் வீடாக இல்லாவிட்டாலும் சரி” என்று உங்களால் ஜெபிக்க முடிகிறதா பாருங்கள். தொண்டை அடைக்கும், தெரியும். என் மனதுக்கு, விசுவாசம் என்பது இந்த ஜெபத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், தயாராவதை அவிசுவாசம் என்று நினைக்காதீர்கள். பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்த சில பிள்ளைகள் சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் செய்வார்கள். அதைத் திருட்டு என்று எண்ணி, “ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் ஒரு காவல்காரர் ஆகிவிடுவார். அதைவிட, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எட்டும் இடத்தில் ஒரு டப்பாவை வைத்துவிடுங்கள். சில பிள்ளைகள் விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் அழமாட்டார்கள், அழுதால் யாரும் வருவதில்லை என்று பழகியிருப்பார்கள். சிலர் முன்பின் தெரியாதவர் மடியில்கூடப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். “எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது!” என்று மகிழ வேண்டாம், யாரிடமும் நிலையாக ஒட்ட வாய்ப்புக் கிடைக்காததால்கூட அது வரலாம். நிலையான ஒருவரின் அரவணைப்பு இல்லாதபோது பிள்ளை மனதுக்கு என்ன ஆகிறது என்று ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவர் 1951-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தத்தெடுப்போருக்கான பயிற்சி வகுப்பு இருந்தால் தவறாமல் இரண்டு பேரும் போங்கள்.

பெயரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஞானஸ்நானத்தின்போது வேதாகமப் பெயர் வைக்க ஆசையிருக்கும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு, பழைய வாழ்க்கையிலிருந்து கையோடு வருவது பெரும்பாலும் அதன் பெயர் மட்டும்தான். அதைப் பறிக்காதீர்கள். வேண்டுமானால் கூட ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் பிள்ளையைக் கேட்டு. குடும்ப ஜெபத்தில் முழங்காலிட மறுத்தால் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கட்டும்.

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் கேட்டது அவிசுவாசம் இல்லை. எல்லாரும் மனதுக்குள் நினைத்துப் பயப்படுவதை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். மொர்தெகாயைப் பற்றி அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை அவன் தன் மகளாக எடுத்துக்கொண்டான். அவனுக்கு அவள்மேல் எப்போது, எவ்வளவு பாசம் வந்தது என்று வேதம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்வதெல்லாம் எஸ்தர் 2:11-இல் இருக்கிறது: அவள் அரண்மனைக்குப் போன பிறகும், அவள் எப்படியிருக்கிறாள் என்று அறிய, நாள்தோறும் கன்னிமாடத்து முற்றத்துக்கு முன்பாக நடந்துகொண்டிருந்தான். உள்ளே போக முடியாது, முகம் பார்க்க முடியாது, ஆனாலும் தினமும் போனான். உங்கள் கணவரால் இதைச் செய்ய முடியும். குளிப்பாட்டுவது, பள்ளிக்கு அழைத்துப் போவது, நள்ளிரவில் பயந்து எழுந்தால் விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்காருவது, இவற்றையெல்லாம் பாசம் வரட்டும் என்று காத்திராமல் செய்துகொண்டே வரட்டும். பல தகப்பன்மாருக்குப் பாசம் இந்த வழியாகத்தான் வருகிறது, பெற்ற பிள்ளையானாலும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகள் வந்த சில வாரங்களில் உங்களுக்கே காரணமில்லாத அழுகையும் வெறுமையும் வரக்கூடும். தத்தெடுத்த பெற்றோருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. ஜெபக் குறைவு என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் வருவதற்கு முன்பே உங்கள் போதகரிடம் ஒன்றைப் பேசி வையுங்கள். முதல் ஞாயிறே அவர்களை மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொல்வார்கள், ஆசையோடுதான் கேட்பார்கள். வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள், என்ன பட்டார்கள் என்பது அவர்களுடைய கதை. வளர்ந்த பிறகு யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். அதுவரை, யார் கேட்டாலும் “எங்கள் மகன், எங்கள் மகள்” என்பதற்கு மேல் நீங்கள் எதையும் சொல்லத் தேவையில்லை.