மயில்நீல டயலும் மாமாவின் வாட்சும்

கேள்வி: பழைய சீக்கோ 5 வாட்ச் ஒன்று ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு வருகிறது. "1970-களின் அசல், சர்வீஸ் செய்தது" என்று போட்டிருக்கிறார்கள். மயில்நீல டயல், ஆரஞ்சு முள், ஒரு கீறல்கூட இல்லை. பின்மூடியில் 7009 என்று இருக்கிறது. சின்ன வயதில் சவுதியிலிருந்து வந்த மாமா கையில் பார்த்த வாட்ச் என்பதால் ஆசை. வாங்கலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: ஆசை சரி. ஆனால் நாற்பது வருட வியர்வையும் வெயிலும் பார்த்த வாட்ச் கீறலே இல்லாமல் இருந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். உள்ளே ஓடும் மெஷின் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். டயலைத்தான் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தையும் மறுபடி அச்சடித்திருப்பார்கள். நாலைந்து செத்த வாட்சுகளின் உடல், முள், டயல் எல்லாம் கலந்து ஒன்றாக்குவதும் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த வகைக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நமக்குப் பெருமை சேர்க்கிற பேர் இல்லை.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: டயல் மிக நெருக்கத்தில், பின்மூடி, மூடியைத் திறந்து மெஷின். அனுப்ப மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

டயலின் அடி விளிம்பில், 6 மணிக்கு இரண்டு பக்கமும், எறும்பு சைஸில் ஒரு எண் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் மெஷின் எண்ணில், அதாவது 7009 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வருவது பின்மூடி எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம், இரண்டும் வேறு வேறு கணக்கு. மறுபடி பெயின்ட் அடித்த டயலில் இந்த எண் இருக்காது, இருந்தாலும் கலங்கியிருக்கும். அப்புறம் தேதி ஜன்னலின் ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் உள்ளே வழிந்து விளிம்பு மழுங்கியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பின்மூடியில் ஆறு இலக்கத்தில் ஒரு சீரியல் எண் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி எழுத்து. 23 என்று தொடங்கினால் 1982 மார்ச்சாகவோ 1992 மார்ச்சாகவோ இருக்கும். 1972 ஆக முடியாது, 7009 மெஷின் அப்போது வரவே இல்லை. எனவே "1970-கள்" என்ற பேச்சு அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

இன்னொன்று. வளைகுடாவில் விற்ற சீக்கோக்களில் கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். மாமாவின் வாட்சில் அரபி எழுத்தைப் பார்த்த ஞாபகம் இருந்தால், அதையே தேடுங்கள்.

நான் முதன்முதலில் வாங்கியதும் இப்படி ஒரு நீலம்தான். அடுத்த மழைக்காலத்தில் டயலில் கொப்புளம் கிளம்பியது. சும்மா கட்டிக்கொண்டு திரிய என்றால், பாதி விலைக்கு இறங்கினால் வாங்குங்கள். அசலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் எச்எம்டி ஜனதா ஓடுகிறது. டயல் மட்டும் மஞ்சளாகிவிட்டது. ரிப்பேர்காரர் "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்கிறார். செய்யலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இருக்கிற அசல் டயலை அழித்தால் இன்னொன்றுக்கு அலைய வேண்டும். மெஷினைக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள், கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றலாம், தப்பில்லை. உடலை பாலிஷ் போடவும் விடாதீர்கள். கூரான விளிம்பு தேய்ந்தால் திரும்ப வராது. மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: "அசல்" என்று எழுதி விற்ற கடைக்காரர், டயல் மறுபடி அச்சடித்தது என்று தெரிந்த பிறகும் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். வழி உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: உண்டு. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு வார்த்தை மாறியிருக்கும். பணம் கட்டிய ரசீதும் அவரோடு பேசிய செய்திகளும் அழியாமல் இருக்கட்டும். வாட்ச் கடைக்காரர் ஒருவரிடம் டயலைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்கினால் நல்லது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடைக்காரர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். வீட்டில் கிடந்ததை யாரோ ஒருவர் விற்றது என்றால் இந்தச் சட்டம் கை கொடுக்காது.